லூப்பை விட்டிட்டு எஸ்கியூஎல்லுக்கு மாறினால் உண்மையா நேரம் மிச்சமோ?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி ஒருக்கா திருப்பிச் சொல்லுறன். யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன சொப்ட்வெயர் ஒபிசில வேலை, இவ்வளவு காலமும் பிஎச்பி மொழியில லூப் போட்டு, அதாவது ஒரே படியை ஒவ்வொரு ஆளுக்கும் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்லி எழுதித்தான் பழக்கம், இப்ப ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின்ர கடன் றிப்போட்டுகளைத் திருப்பி எழுதுற வேலை வந்திருக்கு. உங்கட மனேஜர் சொல்லுறார், லூப் எல்லாத்தையும் தூக்கிப்போட்டு டேட்டாபேஸிட்டக் கேள்வி கேக்கிற எஸ்கியூஎல்லிலயே எழுது, எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லாமல் என்ன வேணும் எண்டு மட்டும் சொல்லுற நொன்-புரோசீஜரல் மொழியில வேலை பத்து மடங்கு கெதியா முடியும் எண்டு. அது உண்மையோ, அதில என்ன நட்டம் எண்டு கேட்டிருக்கிறியள். ஆனால் கடைசி வரியில "எழுதுற நேரம் குறைஞ்சாலும் பிழை பிடிக்கிற நேரத்தில அது திரும்பி வந்திடுமோ" எண்டு போட்டிருக்கிறியள் பாருங்கோ, உண்மையான கேள்வி அதுதான் எண்டு நான் நினைக்கிறன். நான் கனகாலமா டேட்டாபேஸ் வேலைதான் செய்யிறன், கணக்கு, ஸ்டொக், சம்பளம், கடன் இப்பிடியான அலுவல்கள். அதால நான் சொல்லுறது இந்தப் பக்கத்து வேலைக்குத்தான் பொருந்தும், கேம் எழுதுற ஆக்களும் மெஷினுக்குள்ள ஓடுற கோட் எழுதுற ஆக்களும் இதை அப்பிடியே எடுக்க வேண்டாம்.

மிச்சம் இருக்கு, அதில சந்தேகம் இல்லை. பத்து மடங்கு எண்டுறதைத்தான் நான் ஏற்கமாட்டன். அதோட மிச்சம் வாற இடம் வேற, எழுதேக்க வாறதை விட ஒரு வருசம் ரெண்டு வருசம் கழிச்சு மாத்தேக்க வாறதுதான் பெரிசு.

முதல்ல இந்தப் பத்து மடங்குக் கதை எங்கயிருந்து வருது எண்டு பாப்பம். கேப்பர்ஸ் ஜோன்ஸ் எண்ட சொப்ட்வெயர் ஆய்வாளர் மொழிவாரியா ஒரு அட்டவணை போட்டிருக்கிறார், ஒரே அளவு வேலையைச் செய்ய எந்த மொழியில எத்தினை வரி தேவைப்படும் எண்டு. அதில கணக்கு வேலைக்குப் பாவிச்ச பழைய மொழி கோபோலுக்கு 100 வரிக்கு மேல, எஸ்கியூஎல்லுக்கு 13 வரி அளவிலதான் வரும். இதைப் பாத்திட்டுத்தான் கன பேர் எட்டு மடங்கு பத்து மடங்கு எண்டு சொல்லத் தொடங்கினவை. ஆனால் வரி குறையிறதும் நேரம் குறையிறதும் ஒண்டில்லை. சொப்ட்வெயர் புரொஜெக்டுகளைப் பற்றிப் புத்தகம் எழுதின பிரெட் புரூக்ஸ் 1975ல ஒரு கணக்குச் சொன்னவர், ஒரு புரொஜெக்டில மூண்டில ஒரு பங்கு திட்டமிடல், ஆறில ஒரு பங்குதான் கோட் எழுதுறது, மிச்சப் பாதியும் டெஸ்ட் பண்ணுறது எண்டு. அதை நம்பினால், ஆறு மாச வேலையில கோட் எழுதுறது ஒரு மாசம், அந்த ஒரு மாசத்தை நீங்கள் மூண்டு நாளாக் குறைச்சாலும் முழு வேலை ஆறு மாசத்தில இருந்து அஞ்சு மாசத்துக்குத்தான் வரும். சங்கத்து முகாமையாளரோட இருந்து "நிலுவை எண்டு நீங்கள் எதைச் சொல்லுறியள், வட்டியோடயோ வட்டியில்லாமலோ" எண்டு கேக்கிற நேரத்தை எந்த மொழியும் குறைக்காது. உங்கட வேலையில கன நேரம் போகப்போறது அங்கதான், சங்கக் கணக்கு எழுதிற ஆக்களோட கதைச்சுப் பாத்தால் உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு கிளையிலயும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவினம்.

அப்ப மிச்சம் எங்க? உங்கட றிப்போட்டையே எடுப்பம். கிளைவாரியா நிலுவைக் கடன். பிஎச்பியில நீங்கள் எழுதியிருக்கிற விதம் அநேகமா இப்பிடித்தான் இருக்கும்: உறுப்பினர் எல்லாரையும் எடு, ஒவ்வொரு ஆளுக்கும் அவரிட கடனை எடு, பிறகு அவர் கட்டின காசை எடு, கழி, கிளையின்ர கூட்டுத்தொகையில சேர். 4000 உறுப்பினர் எண்டு வச்சால் ஆளுக்கு ரெண்டு குவெரி (டேட்டாபேஸிட்டக் கேக்கிற கேள்வி), 8000 தரம் டேட்டாபேஸிட்டப் போய் வரோணும், ஒருக்காப் போய் வர 5 மில்லிசெக்கன் எண்டாலும் 40 செக்கன். ஒரே குவெரியா எழுதினால் ஒருக்காத்தான் போய் வாறது, இந்த அளவு டேட்டாவுக்குக் கண் மூடித் திறக்க முதல் வரும். ஆனால் நான் பெரிசாச் சொல்லுறது இந்த வேகத்தை இல்லை. உங்கட லூப்புக்குள்ள நீங்கள் உங்களுக்கே தெரியாமல் ஒரு முடிவு எடுத்திட்டியள், உறுப்பினரில இருந்துதான் தொடங்கோணும் எண்டு. நாளைக்கு "தவணை தவறின கடன் மட்டும் காட்டு" எண்டு கேட்டால், அப்பிடி ஒரு அறுபது கடன்தான் இருக்குது எண்டால், கடனில இருந்து தொடங்கினால்தான் புத்தி, ஆனால் உங்கட லூப் 4000 பேரையும் சுத்திப்போட்டுத்தான் அந்த அறுபதுக்கு வரும், மாத்திறது எண்டால் முழுக்கத் திருப்பி எழுதோணும். குவெரியில ஒரு நிபந்தனையைச் சேர்த்து விட்டால் காணும், எந்தப் பக்கத்தில இருந்து தொடங்கிறது எண்டதை டேட்டாபேஸுக்குள்ள வழி தெரிவு செய்யிற ஒப்டிமைசர் எண்ட பகுதி டேட்டாவைப் பாத்து முடிவு செய்யும், அடுத்த வருசம் கடன் பெருகினால் அந்த முடிவையும் அதுவே மாத்தும், நீங்கள் எழுதினது அப்பிடியே கிடக்கும்.

இதுக்காகத்தான் இந்த மொழியே வந்தது. 1970ல ஐபிஎம்மில இருந்த கொட் எண்ட ஆய்வாளர் டேட்டாவை டேபிள்களா வைக்கிற ரிலேஷனல் முறையைப் பற்றின கட்டுரையை எழுதேக்க அவருக்கு முதல் பிரச்சினையே இதுதான், டேட்டா எப்பிடி அடுக்கியிருக்கு எண்டதில புரோகிராம் தங்கியிருக்கக் கூடாது எண்டது. அந்தக் காலத்தில புரோகிராம் எழுதுற ஆள் ஒரு பதிவில இருந்து மற்றப் பதிவுக்குத் தானே வழி பிடிச்சுப் போகோணும், 1973ல கணினித்துறையின்ர பெரிய விருதான ரூறிங் விருது வாங்கின பாக்மன் புரோகிராமரை ஒரு மாலுமி எண்டே சொன்னவர், அதைப் பெருமையாத்தான் சொன்னவர். 1981ல அதே விருதை வாங்கின கொட் தன்ர உரைக்கு வச்ச தலைப்பே ரிலேஷனல் டேட்டாபேஸ் உற்பத்தித்திறனுக்கு ஒரு நடைமுறை அடித்தளம் எண்டுற மாதிரித்தான். அதால உங்கட மனேஜர் சொல்லுறது புதுக் கதை இல்லை. ஆனால் கொட் சொன்னால் மட்டும் காணாது, வழியை மெஷின் தானே கண்டுபிடிக்குமோ எண்டது அப்ப பெரிய சந்தேகம். ஐபிஎம்மில ரிலேஷனல் டேட்டாபேஸைச் செய்து பாத்த சிஸ்டம் ஆர் குழுவில பற்றீசியா செலிங்கரும் மற்றவையும் 1979ல செலவைக் கணக்குப் பாத்து வழி தெரிவு செய்யிற ஒப்டிமைசரைக் காட்டின பிறகுதான் இது கடதாசியில இருந்து நடைமுறைக்கு வந்தது. இண்டைக்கு மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரியான டேட்டாபேஸ் சொப்ட்வெயருக்கு உள்ள ஓடுறது அந்த யோசனையின்ர பிள்ளைதான்.

இனி நட்டத்துக்கு வாறன். இதைக் கவனமா வாசியுங்கோ, ஏனெண்டால் பொதுவா ஆக்கள் "மெதுவா ஓடும்" எண்டதைத்தான் நட்டமாச் சொல்லுவினம், எனக்கு அதை விடப் பயம் சத்தமில்லாமல் பிழையான விடை தாறதுதான்.

கூட்டுறவுக் கடன் எண்டால் பிணை நிக்கிற ஆக்கள் இருப்பினம், ஒரு கடனுக்கு ரெண்டு பேர் எண்டு வைப்பம். றிப்போட்டில பிணைக்காரரிட பேரும் வேணும் எண்டு கேப்பினம், நீங்கள் கடன் டேபிளோட பிணை டேபிளை ஜொயின் பண்ணுவியள், அதாவது பொருந்திற வரிகளைச் சேர்த்து ஒண்டாக்குவியள். அந்த நிமிசத்தில ஒரு லட்சம் ரூபாக் கடன் ரெண்டு வரியா வரும், அதுக்கு மேல கூட்டுற சம் போட்டால் ரெண்டு லட்சம். எரர் வராது, குவெரி வடிவா ஓடும், றிப்போட் வடிவா பிரிண்ட் ஆகும். லூப்பில இந்தப் பிழை லேசில வராது, ஏனெண்டால் அங்க நீங்கள் ஒரு கடனை ஒருக்காத்தான் கையில எடுக்கிறியள். இதுக்கு மேல இன்னொரு பொறி இருக்கு: தொகை ரெட்டிப்பா வருது எண்டு கண்டவுடன சில பேர் சம்முக்குள்ள, ஒரே பெறுமதி திரும்ப வந்தால் ஒருக்கா மட்டும் எடுக்கிற டிஸ்டிங்க்ட் எண்டு ஒரு சொல்லைப் போடுவினம், பாத்தால் சரி வந்த மாதிரி இருக்கும், ஆனால் ரெண்டு பேர் ஆளுக்கு 50,000 ரூபாக் கடன் எடுத்திருந்தால் அந்த ரெண்டு 50,000மும் ஒண்டாகிப் போகும். சரியான வழி என்னெண்டால் முதல் கடனைத் தனியாக் கூட்டி முடிச்சிட்டு, பிணைக்காரரைப் பிறகு வேறயா சேர்க்கிறது. எப்ப ஜொயின் போட்டாலும் "இப்ப ஒரு வரி எண்டால் என்ன, ஒரு கடனோ, ஒரு பிணைக்காரரோ" எண்டு உங்களை நீங்களே கேக்கோணும். இந்த ஒரு பழக்கம் இல்லாத ஆளுக்கு எஸ்கியூஎல் குடுக்கிற வேகம் ஆபத்து எண்டே நான் சொல்லுவன்.

இன்னொண்டு, "இதுவரைக்கும் கடன் எடுக்காத உறுப்பினர் ஆர் ஆர்" எண்டு ஒரு லிஸ்ட் கேப்பினம். நொட் இன் போட்டு எழுதுவியள், கடன் டேபிளில இருக்கிற உறுப்பினர் இலக்கங்களுக்குள்ள இல்லாத ஆக்களைத் தா எண்டு. பழைய பேரேட்டில இருந்து ஏத்தின கடனில ஒண்டே ஒண்டில உறுப்பினர் இலக்கம் நிரப்பாமல் நல் (NULL, பெறுமதி இல்லை) எண்டு கிடந்தால், முழு லிஸ்ட்டும் வெறுமையா வரும். ஒரு பேரும் வராது. காரணம் என்னெண்டால் எஸ்கியூஎல்லில உண்மை, பொய் எண்டதோட "தெரியாது" எண்டு மூண்டாவது ஒரு விடையும் இருக்கு, ஒரு ஆளிட இலக்கம் அந்த நல்லோட சமனோ எண்டு கேட்டால் தெரியாது எண்டுதான் வரும், அதால ஒருத்தரையும் "நிச்சயமா இல்லை" எண்டு அது சொல்லாது. நொட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு எழுதினால் இந்தப் பிரச்சினை இல்லை. லிஸ்ட் வெறுமையா வந்தால் எல்லாரும் கடன் எடுத்திட்டினம் போல எண்டு நினைச்சு விடுறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

வேகத்தைப் பற்றிச் சொல்லுறதெண்டால், லூப் படிப்படியா மெதுவாகும், டேட்டா ரெண்டு மடங்கானால் நேரமும் ரெண்டு மடங்கு, உங்களுக்கு முன்னமே தெரியவரும். குவெரி அப்பிடியில்லை. நேற்றுவரைக்கும் ஒரு செக்கனில வந்தது இண்டைக்குக் காலமை பத்து நிமிசமாகியும் வராது, நீங்கள் ஒரு எழுத்தும் மாத்தியிருக்கமாட்டியள், ஒப்டிமைசர் வழியை மாத்தியிருக்கும். அது டேபிள்களைப் பற்றி வச்சிருக்கிற புள்ளிவிபரம் பழசாப் போனால் இப்பிடி நடக்கும், முக்கியமா ஒரேயடியா கன டேட்டா ஏத்தின கையோட. அப்ப அந்தப் புள்ளிவிபரத்தைப் புதுப்பிக்கிற அனலைஸ் கட்டளையைக் குடுத்துப் பாருங்கோ. மற்றது நீங்களே உங்கட கையால வழியை மூடுறது: 2023ம் ஆண்டுக் கடன் வேணும் எண்டு திகதிக் கொலத்தைச் சுத்தி இயர் எண்ட பங்ஷனைப் போட்டால், அந்தத் திகதியில நீங்கள் கெதியாத் தேடப் போட்டு வச்சிருக்கிற சாதாரண இண்டெக்ஸ் பிரயோசனப்படாது, 2023 ஜனவரி 1ல இருந்து 2024 ஜனவரி 1க்கு முதல் எண்டு எழுதினால் பிரயோசனப்படும். ரெண்டும் கேக்கிறது ஒண்டையேதான், அதாவது "என்ன வேணும் எண்டு மட்டும் சொன்னால் காணும்" எண்ட வாக்குறுதி முழுசா நிறைவேறேல்லை, எப்பிடி ஓடும் எண்டும் ஓரளவு தெரிஞ்சிருக்கத்தான் வேணும். குவெரி எந்த வழியால ஓடும் எண்டு காட்டுற எக்ஸ்பிளெயின் கட்டளையின்ர விடையை வாசிக்கப் பழகிறதுக்கு நேரம் ஒதுக்குங்கோ, நீங்கள் பயந்த அந்தத் திரும்பி வாற நேரத்தில பெரிய பங்கை அது குறைக்கும்.

உங்கட சேர்வர் என்ன வெர்ஷன் எண்டதையும் பாருங்கோ. மைஎஸ்கியூஎல் 8.0 2018ல வந்தது, அதுக்குப் பிறகுதான் வரிகளை ஒண்டாக்காமலே ஓடுற மொத்தம் போடக்கூடிய விண்டோ பங்ஷனும் வித் எண்டு பகுதி பகுதியாப் பிரிச்சு எழுதுற வசதியும் அதில இருக்கு, பெரிய டேபிள்களைச் சேர்க்கிற ஹாஷ் ஜொயின் எண்ட வழியும், குவெரியை ஓடவிட்டு நேரத்தைக் காட்டுற எக்ஸ்பிளெயின் அனலைஸும் 8.0.18ல வந்தது. 5.7க்கு ஒரக்கிள் குடுத்த ஆதரவு 2023 ஒக்டோபரோட முடிஞ்சுது, ஆனால் மலிவான ஹோஸ்டிங்கில சில இடத்தில இன்னும் அது கிடக்கலாம். 5.7ல நிண்டுகொண்டு எல்லாத்தையும் எஸ்கியூஎல்லில எழுதப் போனால் உங்களுக்குச் சரியான கஷ்டம், மீதியைப் படிப்படியாக் காட்டுற லெட்ஜர் மாதிரியான வேலைக்குக் கோணல் மாணலாத்தான் எழுதவேண்டி வரும்.

எஸ்கியூஎல் மட்டும்தான் இப்பிடியோ எண்டால் இல்லை. புரோலொக் 1972 அளவில மார்சேயில கொல்மரோவரிட குழுவில பிறந்தது, விதியை மட்டும் சொல்லு விடையை நான் தேடுறன் எண்ட மொழி. மூதாதை ஆர் எண்ட விதியில "எனக்கு மூதாதை எண்டால் என்ர மூதாதையின்ர பெற்றார்" எண்டு அந்த மூதாதையை முதல்ல போட்டு எழுதினால் வழமையான புரோலொக் முடிவில்லாமல் உள்ளுக்க இறங்கிக்கொண்டே போகும், வரிசையை மாத்தி பெற்றாரை முன்னுக்குப் போட்டால் விடை வரும். தர்க்கத்தில ரெண்டும் ஒண்டுதான். கொவால்ஸ்கி 1979ல அல்கொரிதம் எண்டால் தர்க்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது எண்டு எழுதினதும் இதைத்தான். ஆகலும் கூடப் பேர் பாவிக்கிற நொன்-புரோசீஜரல் மொழி எண்டால் அது எக்செல் போர்முலாதான் எண்டு நான் சொல்லுவன், உங்கட சங்கத்துக் கணக்காளர் ஒரு நாளும் தன்னைப் புரோகிராமர் எண்டு சொல்லமாட்டார் ஆனால் அவர் எழுதுறதும் புரோகிராம்தான், அந்த விதத்தில உற்பத்தித்திறன் எண்டு பாத்தால் எதுவும் அதைக் கிட்ட நெருங்காது. ஆனால் அங்கயும் இதே நோய்: பேரைத் தேடித் தொகையை எடுக்கிற விலுக்கப் போர்முலாவில, சரியாப் பொருந்தோணுமோ எண்டு சொல்லுற நாலாவது இடத்தை விட்டிட்டால் அது கிட்டத்தட்டப் பொருந்திறதை எடுக்கும், லிஸ்ட் வரிசையில இல்லாட்டில் வேற ஆளிட தொகையைக் கொண்டுவந்து வைக்கும், சிவப்பா ஒண்டும் காட்டாது. 2020ல இங்கிலாந்தில 15,841 கொரோனாத் தொற்றாளர் அண்டாடக் கணக்கில விடுபட்டதும் பழைய எக்செல் பைலில 65,536 வரிக்கு மேல கொள்ளாது எண்டதாலதான்.

1980களில 4ஜிஎல், அதாவது நாலாந் தலைமுறை மொழி எண்டு ஒரு அலை வந்தது, போக்கஸ், ராமிஸ், நோமாட் எண்டு கன மொழியள், இனிப் புரோகிராமரே தேவையில்லை எண்ட அளவுக்குக் கதைச்சவை. றிப்போட் எடுக்கிற வேலையில அதுகள் உண்மையாவே நேரத்தை மிச்சம் பிடிச்சது. ஆனால் 1985ல அமெரிக்காவில நியூ ஜெர்ஸி மாநிலத்து வாகனப் பதிவுத் திணைக்களத்துக்கு ஐடியல் எண்ட 4ஜிஎல்லில முழு சிஸ்டத்தையும் கட்டப் போய், நாள் முழுக்க கன பேர் ஒரே நேரத்தில பாவிக்கிற அந்த வேலைக்கு அது தாங்காமல் பெரிய அல்லோலகல்லோலம் ஆச்சுது, பிறகு பாரமான பகுதிகளை கோபோலில திருப்பி எழுதித்தான் சரிக்கட்டினவை.

அதால உங்கட விசயத்தில நான் கோடு கீறுறது இப்பிடி. தேடுறது, சேர்க்கிறது, கூட்டுறது, வடிகட்டுறது எல்லாம் எஸ்கியூஎல்லுக்கு விடுங்கோ. மாச முடிவில வட்டி போட்டு, பதிஞ்சு, ரசீது அடிச்சு, ஒண்டு பிழைச்சால் முந்தினதைத் திருப்பி, பாங்குக்குப் பைல் அனுப்பி, இப்பிடி ஒழுங்கு முக்கியமான வேலையை பிஎச்பியிலயே வச்சிருங்கோ. அதையும் எஸ்கியூஎல்லுக்குள்ள திணிக்கப் போனால் டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வைக்கிற ஸ்டோர்ட் புரோசீஜர், ட்ரிக்கர் எண்டு போய், லூப்பை ஒழிக்கிறன் எண்டு வெளிக்கிட்டு அதை விட வாசிக்கக் கஷ்டமான லூப்பில முடியும், அதைப் பிழை பிடிக்க நல்ல கருவியும் குறைவு. மனேஜர் "எல்லாத்தையும்" எண்டு சொன்னதில நான் ஒத்துப்போகாத இடம் இதுதான்.

ஆக்களிட பக்கமும் இருக்கு. எங்கட ஊர் ஒபிசுகளில நாலு பேர் இருந்தால் அதில ஒராள் வருசத்துக்குள்ள கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போயிடும். கம்பஸில டேட்டாபேஸ் எல்லாரும் படிச்சுத்தான் வருவினம், ஆனால் 200 வரிக் குவெரியை வாசிச்சு இது என்ன செய்யுது எண்டு சொல்லுற ஆள் கிடைக்கிறது கஷ்டம், அதே 200 வரி பிஎச்பியை வரி வரியா ஓடவிட்டுப் பாத்தெண்டாலும் ஒரு புதுப் பொடியனோ பிள்ளையோ பிடிச்சிடும். இப்ப ஏஐ குவெரி எழுதித் தருது எண்டு சொல்லுவியள், தருதுதான், ஆனால் அந்தப் பிணைக்காரர் மாதிரியான ரெட்டிப்பை அதுவும் போட்டுத் தரும், உங்கட டேபிளில ஒரு கடனுக்கு எத்தினை பிணை எண்டு நீங்கள் சொல்லாமல் அதுக்கு எப்பிடித் தெரியும்? எழுதுற வேலை குறைஞ்சு வாசிக்கிற வேலை கூடும், இது ஒபிசுக்கு லாபமோ நட்டமோ எண்டது உங்களிட்ட வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர் எண்டதில இருக்கு, இதுக்குப் பொதுவா ஒரு இலக்கம் ஆரும் சொன்னால் நம்பவேண்டாம்.

இப்ப நீங்கள் செய்யக்கூடியது. எல்லா றிப்போட்டையும் ஒண்டாத் தொடாமல் கிளைவாரி நிலுவையை மட்டும் முதல் எடுங்கோ, ஏனெண்டால் அதுக்குப் பேரேட்டில ஒரு மொத்தம் இருக்கு, ஒப்பிட்டுப் பாக்கலாம். அஞ்சு உறுப்பினரோட ஒரு குட்டி டேட்டாபேஸ் கையால செய்யுங்கோ, அதில ஒராளுக்குக் கடன் இல்லை, ஒராளுக்கு ரெண்டு கடன், ஒரு கடனுக்கு ரெண்டு பிணை, ரெண்டு பேருக்கு ஒரே தொகை, ஒரு கடனில உறுப்பினர் இலக்கம் நல். விடையைக் கடதாசியில போட்டு வச்சிட்டுக் குவெரியை ஓடவிடுங்கோ. குவெரி பெருத்தால் வித் போட்டுத் துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் பேர் வச்சு, ஒவ்வொண்டையும் தனிய ஓடவிட்டுப் பாருங்கோ. உங்கட பழைய பிஎச்பி லூப்பை உடன அழிக்க வேண்டாம், ரெண்டு மூண்டு மாச முடிவுக்கு ரெண்டையும் ஓடவிட்டு மொத்தம் ஒத்துவருதோ எண்டு பாத்திட்டு அதுக்குப் பிறகு எடுத்தால் காணும்.